லஞ்சம், கையூட்டு, மாமூல், ஊழல்: நான்கும் ஒன்றா?

லஞ்சம், கையூட்டு, மாமூல், ஊழல் நான்கும் ஒரே பொருள்தானா, இவற்றில் எது தமிழ்ச் சொல், செய்தி எழுதும்போது எதை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். லஞ்ச வழக்குகளில் சாட்சிகள் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலையில் பாதி. ஒரு சொல் இடம் மாறினால் வழக்கே மாறிவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான்கும் ஒன்றல்ல. ஒரு காரியம் நடக்கவோ நடக்காமல் இருக்கவோ கைமாறுவது லஞ்சம். காரியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் தவறாமல், மாதம் தவறாமல் போய்ச் சேர்வது மாமூல். கையூட்டு என்பது லஞ்சத்துக்குத் தமிழ்ப் பெயர். ஆனால் அது பார்க்கும் கோணம் வேறு. ஊழல் இவை எல்லாவற்றையும் உள்ளே வைத்திருக்கும் பெரிய சொல். பணமே கைமாறாமலும் ஊழல் நடக்கும்: தம்பி மகனுக்கு ஒப்பந்தம் கொடுப்பது, போடாத சாலைக்குப் பில் போடுவது, தகுதியில்லாதவருக்கு வேலை கொடுப்பது.

லஞ்சம் தமிழ்ச் சொல் அல்ல. வடமொழியில் லஞ்சா, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் லஞ்ச. தெலுங்கில் லஞ்சம், கன்னடத்தில் லஞ்ச, மராத்தியில் லாச். மகாராஷ்டிரத்தின் லஞ்ச ஒழிப்புத் துறையின் பெயரே ‘லாச்லுச்பத்’ என்றுதான் தொடங்கும். தமிழ்ச் சொல் லகரத்தில் தொடங்காது என்பதால் இகரம் சேர்த்து ‘இலஞ்சம்’ ஆக்கிக்கொண்டோம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் அந்த இகரத்தைக் கைவிட்டுவிட்டன. இலங்கைத் தமிழ் இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது. அங்கே 1954இல் வந்தது இலஞ்சச் சட்டம்; இன்று புகார் கொடுக்கப் போகும் இடத்தை இலஞ்ச ஊழல் ஆணைக்குழு என்கிறார்கள்.

அந்தச் சொல்லுக்கு வடமொழி அகராதிகள் தரும் பொருளில் அன்பளிப்பும் லஞ்சமும் அருகருகே இருக்கின்றன. இந்த வகைச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே கதைதான். பிறக்கும்போது எல்லாமே கௌரவமான சொற்கள். பரிசு, வழக்கம், கூலி, தர்மம் என்று ஏதோ ஒன்றைக் குறித்தவை. ஆங்கிலத்தின் ‘பிரைப்’ பழைய பிரெஞ்சில் பிச்சைக்காரனுக்குக் கொடுக்கும் ரொட்டித் துண்டு. இந்தியில் வழங்கும் ‘ரிஷ்வத்’ அரபியிலிருந்து வந்தது. அதைக் கிணற்றில் வாளி இறக்கும் கயிற்றைக் குறிக்கும் சொல்லோடு அரபு அகராதிக்காரர்கள் இணைக்கிறார்கள். நேரே போய்த் தொட முடியாத தண்ணீரைக் கயிறு விட்டு இறைப்பது போல, நேர் வழியில் கிடைக்காத காரியத்தை எட்டிப் பிடிக்க விடும் கயிறு அது. இத்தனை பொருத்தமான உவமை வேறெந்த மொழியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

பரிதானம் என்று இன்னொரு பழைய சொல் இருக்கிறது. பொதுப் பேச்சில் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் பழைய மொழிபெயர்ப்பு பைபிள் வாசிக்கும் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பரிதானம் வாங்காதே, அது கண் உள்ளவர்களையும் குருடாக்கும் என்று யாத்திராகமத்தில் வரும். ஒரு பெரியவர் கூண்டில் ஏறி ‘பரிதானம் கேட்டார்’ என்று சாட்சி சொன்னதை நானே ஒருமுறை பதிவு செய்திருக்கிறேன். இளம் வழக்கறிஞர்கள் விழித்தார்கள்.

இனி கையூட்டு. தமிழில் இந்த விஷயத்தைச் சுற்றி ‘கை’ எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். கையூட்டு, கைக்கூலி, கையாடல். வாங்குபவர் கை நீட்டுகிறார். வாங்காதவர் கை சுத்தமானவர். பிடிபடுபவர் கையும் களவுமாகப் பிடிபடுகிறார். இந்தக் கடைசித் தொடர் எங்கள் நீதிமன்றத்தில் அப்படியே கண்ணுக்குத் தெரியும் பொருளாக வந்து நிற்கும். பொறி வைத்துப் பிடிக்கும் வழக்குகளில் ரூபாய் நோட்டுகளின் மேல் பினாப்தலின் பவுடரைத் தடவிப் புகார்தாரரிடம் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கச் சொல்வார்கள். நிறமில்லாத தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, அரக்கு வைத்து, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிய சீட்டை ஒட்டி நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். விசாரணை அன்று மேசையின் மேல் இரண்டு பாட்டில்கள் நிற்கும், வலது கை ஒன்று, இடது கை ஒன்று. நானும் எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. ஒருமுறைகூட மனம் பதறாமல் பார்த்ததில்லை.

‘லஞ்சம் வாங்கினார்’ என்கிற பேச்சில் வாங்குபவர்தான் முன்னால் நிற்கிறார். ‘கையூட்டு’ என்னும் சொல்லிலோ ஊட்டுகிற ஆள் ஒருவர் இருந்தே தீர வேண்டும். ஊட்டாமல் கையூட்டு இல்லை. சட்டம் இதற்கு நேராக வரக் காலம் பிடித்தது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவர் பெரும்பாலும் உடந்தை என்ற கணக்கில்தான் வந்தார். 2018 திருத்தம்தான் கொடுப்பதையே நேரடிக் குற்றமாக்கியது. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ சொல்லிவிட்டால் அவருக்கு அது குற்றம் ஆகாது. இந்த 7 நாள் கணக்கு பலருக்குத் தெரியவில்லை, தயவுசெய்து நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

கையூட்டு நேற்று உருவாக்கிய தனித்தமிழ்ச் சொல் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஊர்ச் சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலைக்குப் பெயர் எழுதத் தகாதவர்களின் வரிசையில் கையூட்டுக் கொண்டவர் வருகிறார். ஊட்டு என்பது உணவையும் குறிக்கும் என்பதால், விலக்கப்பட்ட உணவை உண்டவர் என்று அதற்குப் பொருள் சொன்ன அறிஞரும் உண்டு. பிறர் பொருளை அபகரித்தவர், வாரியத்தில் உறுப்பினராக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர், அப்படிக் கணக்குக் காட்டாதவரின் உறவினர் என்று அதே பட்டியலில் வருவதைப் பார்க்கும்போது லஞ்சம் என்னும் பொருள் பக்கத்துக்கே நான் சாய்கிறேன். அந்தக் கல்வெட்டு உறுப்பினரிடம் எதிர்பார்க்கும் தகுதிகளில் ஒன்று ‘அர்த்த சௌசம்’, பணத்தில் தூய்மை. கை சுத்தம் என்று நாம் இன்று சொல்வது அதைத்தான்.

கைக்கூலி இன்னும் சிக்கலான பிறவி. உழைத்தவனுக்கு அன்றன்று கையில் கொடுக்கும் கூலி என்பதுதான் நேர்ப்பொருள். மலையாளத்தில் அது முழுக்க லஞ்சத்தின் பெயராகிவிட்டது. தமிழ்நாட்டு அரசியல் மேடையில் எதிரிக்கு விலைபோன ஆளைக் குறிக்கும் வசவு. இலங்கை முஸ்லிம்களிடையே அது மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் கொடுக்கும் தொகை. அந்நாட்டு முஸ்லிம் விவாகச் சட்டத்திலேயே கைக்கூலி என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது. இலங்கை வாசகர் படிக்கும் செய்தியில் ‘கைக்கூலி வாங்கினார்’ என்று எழுதினால் அவர் கல்யாணம் என்று நினைப்பார். இதை மனதில் வையுங்கள்.

கைக்கு அடுத்தது வாய். காசு தின்றான், விழுங்கினான், ஏப்பம் விட்டான், வாய்க்கரிசி போட்டால்தான் நகரும் என்பதெல்லாம் நம் பேச்சு. இந்தியிலும் லஞ்சத்தைத் ‘தின்பது’ என்பார்கள். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் பாலி ஜாதகக் கதைகளில் ‘லஞ்சகாதக’ என்று ஒரு சொல் வருகிறது. நேரே சொன்னால் லஞ்சம் தின்னி. பொது நிதியைத் தின்பதைப் பற்றிக் கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம் சொன்னதும் வாயை வைத்துத்தான்: தண்ணீருக்குள் நீந்தும் மீன் எப்போது தண்ணீர் குடிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதது போல, அரசுப் பணத்தில் புழங்குபவர் எப்போது எடுக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. கையாடலுக்கு 40 வழி இருப்பதாகவும் அந்த நூல் கணக்குச் சொல்கிறது.

நான் அதிகம் அஞ்சும் சொல் மாமூல்.

மூலம் அரபி. ‘அமல்’ என்றால் செயல், நடைமுறை. அதிலிருந்து பிறந்த ‘மஃமூல்’ என்றால் நடைமுறையில் இருப்பது, வழக்கமானது. நவாபு ஆட்சியோடும் வருவாய்க் கணக்கோடும் தமிழுக்குள் வந்து, நல்ல பொருளிலேயே நெடுங்காலம் இருந்தது. உங்கள் வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ‘மாமூல் வழிநடை பாத்தியம்’, ‘மாமூல் தடத்தில் ஆள் நடக்கவும் வண்டி ஓட்டவும்’ என்று இருக்கும். இந்த வரப்பில் நடந்து போக உனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறாய் என்று பொருள். ஏழை விவசாயியின் உரிமையைக் காத்த சொல் இது. புயல் ஓய்ந்தால் ‘மாமூல் நிலை திரும்பியது’ என்று பத்திரிகைகள் எழுதிய காலமும் உண்டு.

அதே சொல்தான் தள்ளுவண்டிக்காரரிடம் வாரா வாரம் வசூலிக்கும் பணத்துக்கும் பெயராயிற்று. எப்படி ஆயிற்று என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒருமுறை கொடுத்தால் லஞ்சம். தொடர்ந்து கொடுத்தால் வழக்கம். வழக்கம் என்றாலே வாங்குபவருக்கு உரிமை. வரப்பில் நடப்பவனுக்கு உரிமை தந்த அதே வாதம் இங்கே மிரட்டி வாங்குபவருக்கு உரிமை தருகிறது. கொடுப்பவரும் ‘மாமூல்தானே’ என்று சொல்லித் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு சட்டம் ‘அமலுக்கு வந்தது’ என்கிறோமே, அந்த அமலும் இதே வேர்தான். சட்டத்தைச் செயல்படுத்துவது அமலாக்கம். செயல்படுத்தாமல் இருக்க வாங்குவது மாமூல். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இலங்கையில் ‘அமுல்’ என்று எழுதுவதும் இதைத்தான்.

கிம்பளத்தைப் பற்றியும் இரண்டு வரி. காபி கீபி, பணம் கிணம் என்று எதிரொலிச் சொல் சேர்ப்பது நம் வழக்கம். அந்தக் ‘கி’க்குத் தனிப் பொருள் கிடையாது, தனியே நிற்கவும் நிற்காது. ‘கீபி குடித்தேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் சம்பளத்தின் எதிரொலி மட்டும் பிரிந்து வந்து சொந்தக் காலில் நின்றுவிட்டது: ‘சம்பளத்தைவிடக் கிம்பளம் அதிகம்.’ நிழல் ஆளைவிட நீளமாகிப்போன கதை. சம்பளம் என்பதைச் சம்பா நெல், உப்பளம் என்று பிரித்துச் சொல்லும் விளக்கம் பரவலாக இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘சாலரி’க்குப் பின்னால் உப்பு இருப்பதைப் பார்த்து அமைத்தது போலவே எனக்குத் தோன்றுகிறது. வடமொழியிலும் பாலியிலும் சம்பலம் என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டும் சோறு. அதுவே எனக்குச் சரியாகப் படுகிறது.

லஞ்ச வழக்கில் பணம் கைமாறியதைக் காட்டினால் மட்டும் போதாது, கேட்டதையும் நிரூபிக்க வேண்டும். நேரடிச் சாட்சி இல்லாதபோது சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டும் கேட்டதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது. அதனால் வழக்கின் உயிர், ‘என்ன சொல்லிக் கேட்டார்’ என்பதில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் யாரும் ‘லஞ்சம் கொடு’ என்று கேட்பதில்லை. ‘கவனிச்சுட்டுப் போங்க’, ‘டீ செலவுக்கு ஏதாவது’, ‘உண்டானதைக் கொடுத்துருங்க’, ‘சந்தோஷமாப் பார்த்துச் செய்யுங்க’ என்றுதான் கேட்பார்கள்.

ஒரு வழக்கு. கணவர் இறந்து, வாரிசுச் சான்றிதழுக்காக நடையாய் நடந்த அம்மா ஒருவர் கூண்டில் நின்றார். என்ன கேட்டார் என்று அரசு வழக்கறிஞர் கேட்டதும், “பார்த்துச் செய்யும்மான்னாரு” என்றார். நான் அவசரத்தில் ‘கவனமாகச் செய்’ என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. “மனுவைக் கவனமாக எழுது என்றுதானே சொன்னார்? பணம் என்ற சொல்லே வரவில்லையே?” அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்: “ஐயா, மொய் வைக்கப் போற வீட்டுல இவ்வளவு வையின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பார்த்துச் செய்யுன்னுதான் சொல்வாங்க. அவரு பேப்பர் மேல கைய வச்சுக்கிட்டுச் சொன்னாரு. கைய எடுக்கல.”

நீதிபதி என்னைப் பார்த்தார். முன்பு எழுதியதை அவர் அனுமதியோடு அடித்துவிட்டு, ‘பார்த்துச் செய்’ என்பதைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, கீழே விளக்கம் சேர்த்தேன். அன்றிலிருந்து இத்தகைய சொற்களை நான் மொழிபெயர்த்ததே இல்லை; அப்படியே எழுதிவிட்டு விளக்கம்தான் கொடுப்பேன்.

மென்மையான சொல்லால் கேட்டாலும் கேட்பவர் கையில் அதிகாரம் இருந்தால் அது கேள்வி அல்ல என்பதை வள்ளுவர் சொல்லிவிட்டார்: ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு.’ வழிப்பறிக்காரன் ‘இடு’ என்று கட்டளையிடுகிறான். கோல் வைத்திருப்பவனின் செயலுக்கு வள்ளுவர் போடும் சொல் ‘இரவு’, அதாவது இரந்து கேட்பது. கெஞ்சுகிற சொல்லாக இருந்தாலும் இரண்டும் ஒன்றே என்கிறார். அந்த அம்மா சொன்ன ‘கைய எடுக்கல’ என்பதும் இதேதான்.

‘சந்தோஷம்’ என்ற சொல்லுக்கும் சட்டத்துக்கும் ஒரு பொருத்தம் உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 161ஆம் பிரிவில் லஞ்சத்தைச் சொல்லப் பயன்படுத்திய ஆங்கிலச் சொல் ‘கிராட்டிஃபிகேஷன்’. சட்டபூர்வ ஊதியம் அல்லாத மகிழ்விப்பு என்று பொருள். அது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பணத்தால் மதிப்பிட முடிந்ததாகக்கூட இருக்க வேண்டாம் என்று விளக்கமும் உண்டு. நம் தெருவில் ‘சந்தோஷமா ஏதாவது’ என்கிறார்கள். இலங்கையில் ‘சந்தோசம்’ சிங்களப் பேச்சிலேயே சின்ன லஞ்சத்துக்குப் பெயராகப் போய்விட்டது. சட்டம் எழுதியவர்களும் சாலையில் கேட்பவர்களும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். சட்டப்படி நமக்கு வர வேண்டியதையே சீக்கிரம் வாங்கக் கொடுப்பதை ‘வேகப் பணம்’ என்று தனியாகப் பெயரிட்டுப் பேசியது கே. சந்தானம் தலைமையில் 1962இல் அமைத்த குழு. மத்திய கண்காணிப்பு ஆணையம் 1964இல் வந்தது அந்தக் குழுவின் பரிந்துரையால்தான்.

ஊழலைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் நான்கில் அழகான வரலாறு அதற்குத்தான். ‘ஊழ்’ என்னும் வினை முதலில் மலர்வதைக் குறித்தது. ‘இணரூழ்த்தும் நாறா மலரனையர்’ என்ற குறளில் ஊழ்த்தல் என்பது கொத்தாக மலர்வது. மலர்ந்தது முதிரும், முதிர்ந்தது கனியும், கனிந்தது அழுகும். அந்த வினை இத்தனை படியும் இறங்கி, ‘ஊழல்’ என்ற பெயர்ச்சொல் ஆனபோது பழைய அகராதிகளில் அழுகல், நாற்றம், அசுத்தம் என்ற பொருளோடு நிற்கிறது. பேச்சில் நாம் ‘ஊளைச்சதை’ என்பது ஊழற்சதைதான். ஊழ் என்றால் விதி, ஆகவே ஊழல் தலைவிதி என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அழுகல்தான் அதன் பொருள். மலையாளிகள் இதையே ‘அழிமதி’ என்கிறார்கள், அழிவை வைத்து. ஆங்கிலத்தின் ‘கரப்ஷன்’ கூட முன்பு உடல் அழுகுவதையும் குறித்த சொல்தான்.

அழுகல் என்று பெயர் வைத்ததில் ஒரு கூர்மை இருக்கிறது. லஞ்சத்துக்குக் கொடுத்தவர், வாங்கியவர் என்று இரண்டு பேர் இருப்பார்கள், ஒரு தேதி இருக்கும், ஒரு தொகை இருக்கும். அழுகலுக்குத் தேதி கிடையாது. கூடையில் எந்தப் பழம் முதலில் அழுகியது என்று சொல்ல முடியாது. நாற்றம் வரும்போது பாதிக் கூடை போயிருக்கும். அதனால்தான் ஊழல் வழக்குகளில் கரைசல் பாட்டில் இருக்காது. கோப்புகளும் ஒப்பந்தப் புள்ளிகளும் வங்கிக் கணக்குகளும்தான் சாட்சி.

இனி நீங்கள் செய்தி எழுதும்போது. ஒரு சான்றிதழுக்கு ஒருவர் ஒருவரிடம் வாங்கினால் லஞ்சம் என்று எழுதுங்கள். கையூட்டு என்றும் எழுதலாம், கொடுத்தவரும் விரும்பிக் கொடுத்த இடத்தில் அதுவே இன்னும் பொருத்தம். பொறுப்பில் இருந்த பணத்தை எடுத்தால் கையாடல். ஒரு துறையே ஒரு திட்டத்தில் கெட்டிருந்தால் ஊழல். இருநூறு ரூபாய் வாங்கிய எழுத்தருக்கு அந்தச் சொல்லைப் போட்டால், கோடிகளில் போனவருக்குப் போட வேறு சொல் இருக்காது. ‘முறைகேடு’ என்பதை விதி மீறலுக்கு மட்டும் வையுங்கள். பணம் போன இடம் தெரிந்த பிறகும் அதையே எழுதுவது மூடி மறைப்பது. ‘மாமூல்’ என்பதை யாராவது சொன்னதாக மேற்கோளில் மட்டும் போடுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில், வாரா வாரம் மிரட்டி வாங்கிய பணம் என்று முழுசாக எழுதுங்கள். தலைப்பில் நாலு எழுத்து கூடினால் கூடட்டும்.